மண்டியைக் கொட்டிவிடாதீர்கள்

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்திலிருந்து புறப்பட்டவர்கள் எவற்றை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று பலரிடம் கேட்டிருக்கிறேன். சைக்கிள் கரியரில் அரை மூடை அரிசி, ஒரு பானை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் என்று சொல்வார்கள். ஒரு தாய் மட்டும், எடுக்காமல் விட்டுவந்த ஒன்றைப் பற்றிச் சொன்னார். "விடிய அப்பம் சுடக் கரைச்சு வைச்ச மா அடுப்படியிலை பொங்கிக்கொண்டு இருந்தது, சுவாமி. அதை மூடி வைச்சிட்டு வந்தனாங்கள். இப்பவும் அந்தச் சட்டிதான் கண்ணுக்குள்ளை நிக்குது."

விவிலியத்திலும் இதுபோன்ற ஓர் இரவு உண்டு. எகிப்தை விட்டுப் புறப்பட்ட இஸ்ராயேல் மக்கள், மா புளிக்கும்வரை காத்திருக்க நேரமின்றி, பிசைந்த மாவைப் பாத்திரத்தோடு துணியிற் சுற்றித் தோளிற் சுமந்துகொண்டு நடந்தார்கள் என்று யாத்திராகமம் 12 ஆம் அதிகாரம் கூறுகிறது. புளியாத அப்பம் அவசரமாக வெளியேறியவர்களின் உணவு. புளித்த அப்பமோ இருந்து, பொறுத்து, நாளையையும் எண்ணிச் செய்யும் உணவு. ஆகவே ஒரு குடும்பம் மீண்டும் ஓரிடத்தில் மாவைப் புளிக்கவைக்கத் தொடங்கினால், அங்கே வாழ்வு மறுபடியும் வேரூன்றுகிறது என்று நான் கருதுவேன்.

இடம்பெயர்ந்தும் மீள்குடியேறியும் வாழும் எமது பெண்கள் பலர் காலையில் அப்பமும் பணிசும் விற்றுக் குடும்பத்தைக் கொண்டுநடத்துகிறார்கள். மா, தேங்காய், விறகு எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். அதற்குமேல் நாள்தோறும் ஈஸ்ற்றுக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. 2022 ஆம் ஆண்டு எரிவாயுவும் கோதுமை மாவும் தட்டுப்பட்டுப் பேக்கரிகள் பல மூடப்பட்ட வேளையில், கடையை நம்பியிருப்பவரின் நிலை எவ்வளவு பலவீனமானது என்பதை எல்லோரும் கண்டுகொண்டோம். மாவையும் எரிவாயுவையும் நாம் எமது வீட்டில் உண்டாக்க முடியாது. ஆனால் ஈஸ்ற்றை உண்டாக்கலாம். ஒருமுறை பெற்றதைப் பேணி, மறுபடி மறுபடி பாவிக்கலாம். அந்த முறையைத்தான் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

மண்டி என்பது யாது?

கள்ளு முட்டியின் அடியில் வெள்ளையாகப் படிவதையே நாம் மண்டி என்கிறோம். பெரும்பாலும் அதை நிலத்தில் ஊற்றிவிடுகிறோம். உண்மையில் அதிலே பெரும்பகுதி உயிருள்ள ஈஸ்ற். பாடப் புத்தகங்களில் இதனை மதுவம் என்பார்கள். இது கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கசு. ஒரு கிறாம் ஈஸ்ற்றில் ஆயிரம் கோடி அளவிலான உயிர்க்கலங்கள் இருக்கும். சீனியும் ஈரமும் இதமான சூடும் கிடைத்தால், ஒவ்வொரு கலமும் மொட்டு விட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் இரண்டாகிவிடும்.

ஈஸ்ற் சீனியை உண்டு மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் வெளிவிடுகிறது. இதுவே நொதித்தல். 100 கிறாம் குளுக்கோசிலிருந்து ஏறக்குறைய 51 கிறாம் மதுசாரமும் 49 கிறாம் வாயுவும் உண்டாகும். கள்ளில் எமக்குத் தெரிவது மதுசாரம். அப்ப மாவிலும் பாண் மாவிலும் எமக்கு வேண்டியது வாயு. மாவைப் பொங்கச் செய்வது அதுவே. மாவிலுள்ள சிறிதளவு மதுசாரம் அடுப்புச் சூட்டில் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும்.

சீவல் தொழிலாளர்கள் இதைப் படிக்காமலே அறிந்தவர்கள். கருப்பநீர் வேண்டுமாயின் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். சுண்ணாம்பு இருந்தால் நொதித்தல் நடவாது. கள்ளு வேண்டுமாயின் சுண்ணாம்பு தடவுவதில்லை. முட்டியைச் சுரண்டிக் கழுவுவதுமில்லை. நேற்றைய மண்டியில் ஒட்டியிருப்பதே இன்றைய பாளைநீரை நொதிக்கவைக்கிறது. அந்த மனிதர்களின் அறிவை நாம் நீண்டகாலமாகக் குறைவாக மதித்துவிட்டோம்.

உலகத்தார் செய்தது

ஐரோப்பாவிலும் ஈஸ்ற் பைக்கற்றாகக் கடைக்கு வருவதற்கு முன்னர், பாண் சுடுபவர்கள் பியர் வடிப்பவர்களிடம் நுரையையும் மண்டியையும் வாங்கித்தான் மாப் பிசைந்தார்கள். நொதித்தல் உயிர்களின் வேலை என்பதை லூயி பாஸ்ரர் 1857 ஆம் ஆண்டு தொடக்கம் செய்த ஆய்வுகளால் நிலைநாட்டினார். டென்மார்க்கில் கால்ஸ்பேர்க் மதுச்சாலையின் பியர் அடிக்கடி கெட்டுப்போன காலத்தில், அங்கு பணியாற்றிய எமில் கிறிஸ்ரியன் ஹன்சன் என்பவர், நல்ல ஈஸ்ற்றோடு காட்டு ஈஸ்ற்றும் கலந்திருப்பதே காரணம் என்று கண்டார். 1883 ஆம் ஆண்டில் நல்ல இனத்தை மட்டும் தனியே பிரித்து வளர்த்தார். அந்த ஈஸ்ற்றை உரிமையாளர் தமக்கென்று பூட்டி வைக்கவில்லை. கேட்ட ஏனைய மதுச்சாலைகளுக்கும் இலவசமாகக் கொடுத்தார்.

பெல்ஜியத்தில் வெஸ்ற்மாலே துறவற மடம் தனது ஈஸ்ற்றை வெஸ்ற்வ்லெற்றரன் என்னும் மற்றொரு மடத்துக்கும் கொடுத்து உதவுகிறது. வீட்டிலே பியர் காய்ச்சுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளில், மக்கள் அடிப்பானையின் மண்டியைப் போத்தலில் எடுத்துக் கழுவி, ஐந்து பத்து தடவை வரை மீண்டும் பாவிக்கிறார்கள். அந்தக் கழுவும் முறையை நாம் எமது அப்பச் சட்டிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மண்டி எடுக்கும் முறை

1. அனுமதி பெற்ற தவறணையில் அல்லது கூட்டுறவுச் சங்கத்தில், சுண்ணாம்பு படாத அன்றைய கள்ளு ஒரு லீற்றர் வாங்குங்கள். போத்தலில் அடைத்து விற்கும் கள்ளு உதவாது. கெடாதிருப்பதற்காக அதைச் சூடாக்கியிருப்பார்கள், ஈஸ்ற் இறந்திருக்கும்.

2. இரண்டு கண்ணாடிப் போத்தல்களையும் ஒரு கரண்டியையும் 10 நிமிடம் கொதிநீரில் அவித்து எடுங்கள். ஒரு லீற்றர் தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவைத்து, மூடி, நன்றாக ஆறவிடுங்கள். பவுசர் தண்ணீரில் குளோரின் இருப்பதால் இது மிக அவசியம். சூடான நீரை ஊற்றினால் ஈஸ்ற் செத்துவிடும். 55 பாகை செல்சியசுக்கு மேல் அது தாங்காது.

3. கள்ளை அவித்துலர்த்திய வெள்ளைத் துணியில் வடித்துப் பூச்சி, பன்னாடைத் துகள் யாவற்றையும் நீக்கி, ஒரு பாத்திரத்தில் ஊற்றித் துணியால் மூடிக் குளிர்ந்த இடத்தில் ஓர் இரவு அசையாமல் வையுங்கள்.

4. காலையில் மேலே தெளிந்ததை மெதுவாக வேறு பாத்திரத்தில் வடியுங்கள். அதைக் கொட்ட வேண்டாம், வினாகிரிக்கு உதவும். அடியில் வெண்மையாக நிற்பதே மண்டி.

5. மண்டியில் ஆறிய நீர் இரண்டு கோப்பை ஊற்றிக் கலக்கி, முதற் போத்தலில் விட்டு 15 நிமிடம் வையுங்கள். பாரமான கசடு முதலில் அடியிற் போய்விடும். பால்போல் மேலே நிற்கும் நீரை மட்டும் இரண்டாம் போத்தலில் ஊற்றுங்கள். சில மணித்தியாலங்களில் அதன் அடியில் பாலாடை நிறத்தில் ஒரு படை படியும். அதுதான் உங்கள் விதை.

ஒரு லீற்றரில் கிடைப்பது சில மேசைக்கரண்டி மட்டுமே. அது போதும். 1 கிலோ பச்சையரிசி மாவுக்கு, கப்பி காய்ச்சி ஆறவைத்துக் குழைத்த பின்னர், 2 அல்லது 3 மேசைக்கரண்டி மண்டியும் ஒரு தேக்கரண்டி சீனியும் சேர்த்து 6 முதல் 8 மணித்தியாலம் மூடி வைத்தால் மா பொங்கிவிடும். காலையில் தேங்காய்ப்பாலும் உப்பும் விட்டுச் சுடலாம். அப்பச்சோடா தேவைப்படாது.

பாணுக்கு மண்டியை நேரடியாகப் போட வேண்டாம். கள்ளில் ஈஸ்ற்றுடன் புளிப்பை உண்டாக்கும் பற்றீரியாவும் இருக்கும். அப்பத்துக்கு அந்தப் புளிப்பு நல்லது, பாணுக்கு அது கூடிவிடும். ஆகவே 2 மேசைக்கரண்டி மண்டியைக் கைப்பிடி கோதுமை மா, சிறிது நீர், அரைத் தேக்கரண்டி சீனியுடன் கரைத்து வையுங்கள். நுரைத்ததும் அதில் பாதியை எடுத்து மறுபடியும் மாவும் நீரும் கொடுங்கள். இப்படி இரண்டு முறை செய்த பின்னர் மாப் பிசையலாம்.

ஐஸ்பெட்டி இல்லாத வீட்டில்

கழுவிய மண்டியை ஐஸ்பெட்டியில் வைத்தால் இரண்டு கிழமை பேணலாம். போத்தலின் மூடியை இறுக்க வேண்டாம். வாயு சேர்ந்தால் போத்தல் வெடித்துக் கண்ணைப் பறித்துவிடும். துணியால் கட்டுங்கள், அல்லது மூடியைத் தளர்வாக வையுங்கள்.

எமது பெரும்பாலான வீடுகளில் ஐஸ்பெட்டி இல்லை. அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, தாய்மா பேணுதல். அன்றாடம் பிசைந்த பாண் மாவிலிருந்து, 1 கிலோ மாவுக்கு 250 கிறாம் வீதம், ஓர் உருண்டையை எடுத்து மூடிய சட்டியில் வையுங்கள். அடுத்த நாள் அதைச் சிறிது நீரில் கரைத்துப் புதிய மாவோடு பிசையுங்கள். 3 முதல் 5 மணித்தியாலத்தில் மா இரட்டித்துவிடும். அப்ப மாவிலும் தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்க்குமுன் ஒரு கோப்பை எடுத்து வைக்கலாம். வெக்கையான நாட்களில் சட்டியை ஈரச் சாக்கினால் சுற்றி நிழலில் வைத்தால் புளிப்பு மட்டாக இருக்கும்.

இரண்டாவது, வில்லையாக உலர்த்துதல். பனங்கள்ளு ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை என்பதால் இது மிகவும் பயனுள்ளது. கழுவிய மண்டியுடன் வறுக்காத அரிசிமாவைச் சேர்த்து இறுக்கமாகப் பிசைந்து, ஐந்து ரூபாய்க் குற்றியளவு மெல்லிய வில்லைகளாகத் தட்டிச் சுளகில் பரப்புங்கள். காற்றோட்டமான நிழலிலே காயவேண்டும். கடும் வெயில் ஈஸ்ற்றைக் கொன்றுவிடும். முறிக்கும்போது சடக்கென்று முறிந்தால் காய்ந்தது என்று அறியலாம். உலர்ந்த ரின்னில் கடதாசி போட்டு அடுக்கி வைத்தால் சில வாரங்கள் பேணலாம். பாவிக்கும்போது இரண்டு வில்லைகளை இளஞ்சூட்டுச் சீனித் தண்ணீரில் ஊறவையுங்கள். நுரைத்தால் உயிர் இருக்கிறது. ஒரு மணித்தியாலமாகியும் நுரைக்காவிட்டால் விலையுயர்ந்த மாவில் அதைப் போடாதீர்கள்.

இடம்பெயர வேண்டியிருந்தால் ஒரு முடிச்சில் கட்டிக்கொண்டு போகக்கூடியதும் இந்த வில்லைதான். அப்படியொரு தேவை இனி எவருக்கும் வரக்கூடாது என்பதே எமது மன்றாட்டு.

கள்ளுப் பாவிக்காத வீடுகளுக்கு

1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த, வாழும் முஸ்லிம் சகோதரர்களும் எமது வாசகர்களே. கள்ளை வீட்டுக்குள் எடுக்க விரும்பாத வேறு குடும்பங்களும் உள்ளன. அவர்கள் கடையில் ஈஸ்ற் பைக்கற் ஒன்றை ஒருமுறை வாங்கி, முதல் நாள் மாவைப் பிசைந்து, அதிலிருந்து தாய்மாவை எடுத்துத் தொடரலாம். அங்கே கள்ளுக்கு வேலையில்லை. பைக்கற் ஈஸ்ற்றில் வேறு கலப்பு குறைவாகையால் பாண் புளிப்பதும் குறைவு.

கெட்டுவிட்டதை அறிவது எப்படி?

நல்ல மண்டி பாலாடை நிறமாக இருக்கும். பழவாசமும் மெல்லிய புளிப்பு மணமும் வீசும். ரோசா, பச்சை அல்லது கறுப்பு நிறப் புள்ளிகளோ, பஞ்சுபோன்ற பூஞ்சணமோ, அழுகல் மணமோ காணப்பட்டால் முழுவதையும் எறிந்துவிடுங்கள். மேற்புறத்தை மட்டும் வழித்தெடுத்துவிட்டுப் பாவிப்பது ஆபத்து. பூசணத்தின் வேர் உள்ளே இறங்கியிருக்கும். மணம் மிகவும் கடுமையாகப் புளித்து, மா பொங்கும் நேரமும் நீண்டுகொண்டே போனால், ஈஸ்ற் களைத்துப் பற்றீரியா மேலோங்கிவிட்டது என்று பொருள். பத்துத் தடவை பாவித்த பின்னர் புதிய மண்டியில் தொடங்குவது நல்லது.

இதை நான் நட்டப்பட்டே கற்றுக்கொண்டேன். ஒரு முகாமில் பத்துப் பெண்களுக்கு முதன்முதல் இம்முறையைச் சொல்லிக்கொடுத்தபோது, தாய்மாவுக்கு நாள்தோறும் புதிய மா கொடுக்க வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்லவில்லை. இடையில் திருநாள் வந்தது. ஐந்து நாள் எவரும் சட்டியைத் திறக்கவில்லை. ஆறாம் நாள் அதைக்கொண்டு கடனாக வாங்கிய ஒரு மூடை மாவையும் பிசைந்துவிட்டார்கள். பாண் எழும்பவில்லை. வாயில் வைக்க முடியாத புளிப்பு. அந்த மாவின் கடனை அடைக்க மூன்று மாதம் சென்றது. பழி அவர்களுடையதன்று, என்னுடையது. அன்றிலிருந்து முதலில் ஒரு கைப்பிடி மாவில் சோதித்துப் பார்க்காமல் எவரும் மூடையை அவிழ்க்கக்கூடாது என்பது எமது பயிற்சியின் முதல் விதியாயிற்று.

ஒரு கணக்கு

1 கிலோ கோதுமை மாவுக்கு ஏறக்குறைய 10 கிறாம் உலர் ஈஸ்ற் தேவை. நாளுக்கு 5 கிலோ மா பிசையும் ஒருவருக்கு 50 கிறாம். மாதம் 26 நாள் வேலை செய்தால் 1,300 கிறாம். உங்கள் ஊர்க் கடை விலையில் இதைப் பெருக்கிப் பாருங்கள். தாய்மா பேணுபவருக்கு முதல் நாள் 50 கிறாமும், இடையில் ஒன்றிரண்டு தடவை புதுப்பிக்க அதேயளவும் போதும். எடுத்துவைக்கும் உருண்டையும் நட்டமல்ல, அடுத்த நாள் பாணில் அது சேர்ந்துவிடுகிறது. மிஞ்சும் காசை வீட்டுச் செலவோடு கலக்காமல் தனி உண்டியலில் போட்டுவரும்படி எமது பெண்களுக்குச் சொல்லிவருகிறோம். விற்பனைக்குச் செய்பவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முன்கூட்டியே கதைத்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சியதும் வீண்போகாது

வடித்தெடுத்த தெளிந்த கள்ளை மண்பானையில் ஊற்றி, காற்றுப் புகும்படி துணியால் வாயைக் கட்டி வைத்தால், சில கிழமைகளில் வினாகிரியாகும். அதிலும் மூன்றில் ஒரு பங்கை அடுத்த பானைக்கு விதையாக விட்டுவைக்க வேண்டும்.

பழைய மண்டியைத் தவிட்டோடு நன்றாகக் காய்ச்சி ஆறவைத்துக் கோழிக்கும் மாட்டுக்கும் சிறிதளவு கொடுக்கலாம். காய்ச்சாமல் கொடுத்தால் வயிறு ஊதும். மனிதருக்கும் அப்படியே. உயிருள்ள மண்டியைப் பச்சையாக உண்ண வேண்டாம். ஈஸ்ற்றில் பி வகை உயிர்ச்சத்துக்கள் நிறைய உண்டு. எமது நாட்டில் எல்லோரும் அறிந்த மாமைற், மதுச்சாலைகள் கழித்த ஈஸ்ற்றிலிருந்து 1902 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் செய்யத் தொடங்கியது. லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர் பம்பாயில் ஆலைத் தொழிலாளிகளான கர்ப்பிணிகளின் இரத்தச்சோகையை இதனாற் குணமாக்கி, 1931 ஆம் ஆண்டு தமது ஆய்வை வெளியிட்டார். 1934-35 இல் இலங்கையை வாட்டிய மலேரியாக் கொள்ளைநோயின்போது, சூரியமல் இயக்கத்தினர் போசாக்கின்றி வாடிய கிராம மக்களுக்கு மாமைற் கொடுத்தார்கள். மதுச்சாலைக்காரர் வேண்டாமென்று கழித்ததே அந்த நோயாளிகளைத் தேற்றியது.

ஓர் எச்சரிக்கை

"சுவாமியாரே கள்ளைப் பற்றி எழுதலாமா?" என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. முகாம்களிலும் மீள்குடியேற்றக் கிராமங்களிலும் மது எத்தனை வீடுகளைக் குலைத்தது என்பதை நான் நேரிற் கண்டவன். நிவாரண அரிசியை விற்றுக் குடித்த தகப்பனையும், பட்டினியோடு பாடசாலைக்கு வந்த பிள்ளையையும் அறிவேன். ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். ஈஸ்ற்றும் சீனியும் கொண்டு கசிப்பு வடிப்பது சட்டப்படி குற்றம் மட்டுமல்ல, நஞ்சு கலந்து கண்பார்வையையும் உயிரையும் பறிக்கக்கூடியது. இக்கட்டுரையில் சொன்ன எதுவும் அதற்கானதல்ல. வடித்த கள்ளை வினாகிரிக்கென்று உடனே பானையில் ஊற்றிவிடுங்கள், அதை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். வீட்டில் குடிப்பழக்கம் உள்ளவர் இருந்தால், கள்ளு வாங்காமல் பைக்கற் ஈஸ்ற்றில் தொடங்குங்கள். அதே மண்டிதான் ஒரு வீட்டில் அப்பமாகிறது, இன்னொரு வீட்டில் அழிவாகிறது. எதற்குப் பாவிப்பது என்பது எமது கையிலே இருக்கிறது.

முடிவாக

மத்தேயு நற்செய்தி 13 ஆம் அதிகாரத்தில் இயேசு விண்ணரசை, ஒரு பெண் மூன்று மரக்கால் மாவில் கலந்த புளிப்பு மாவுக்கு ஒப்பிடுகிறார். அந்த உவமையில் வரும் பெண்ணும் அந்தப் புளிப்பு மாவை முதல் நாள் எடுத்து வைத்திருந்திருப்பாள், அல்லது பக்கத்து வீட்டில் வாங்கியிருப்பாள்.

எமது ஊர்களிலும் உறைமோர் கேட்டு வருபவரை எவரும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. தாய்மாவும் அவ்வாறே பரவவேண்டும். உங்கள் சட்டி ஒருநாள் கெட்டுப்போனாலும், நீங்கள் கொடுத்த உருண்டை அடுத்த கொட்டிலில் உயிரோடு இருக்கும். அங்கே போய்த் திரும்பக் கேட்டு வாங்கலாம்.

முதலிற் சொன்ன அந்தத் தாய் இப்போது மீள்குடியேறிய தமது காணியில் மறுபடியும் அப்பம் சுடுகிறார். அடுப்படியில் ஒரு மூடிய சட்டி எப்போதும் இருக்கும். சென்ற முறை போனபோது, அதிலிருந்து ஒரு கோப்பை மாவை அயல்வீட்டு மருமகளுக்கு அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். "நாளைக்கும் கொஞ்சம் மிச்சம் பிடிச்சு வை, பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.